தெரிந்த முகம் இல்லாத மலை

காலை பத்து இருபதுக்குப் பேருந்தின் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்புத் தட்டைக் கல்தரையில் போட்டு இழுத்த மாதிரி. ஓட்டுநர் வண்டியை மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் பைகளை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பாதி தூரம் வந்திருந்தோம். மேலே முகாம் மதியம் ஒரு மணியோடு முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் மணி பார்த்தேன். என் மூன்றரை வயது மகள் ஜெசி அதுவரை பயணச்சீட்டைச் சன்னலோரம் பிடித்துக் காற்றில் படபடக்க விட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நின்றது. காற்று நின்றது. சீட்டு தொங்கியது. அவள் அழத் தொடங்கினாள்.

நான் மஸ்கட்டில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் கணக்கு பார்க்கிறேன். சொந்த ஊர் சங்கராபுரம். ஒரு மாத விடுப்பில் வந்தவன், கடைசி வாரத்தில் இந்தப் பயணத்தைச் செய்தேன். மலை பார்க்கப் போகவில்லை. ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் பேச்சோ நடையோ கவனமோ வயதுக்கேற்ப வராதவர்களைக் கண்டுபிடித்து, பயிற்சிக்குச் சேர்க்கும் முகாம் ஒன்று வெள்ளிமலையில் நடந்தது. அதற்குப் போனோம். இப்படி ஒரே வரியில் இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஜெசி பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு. அவளை நான் அதிகம் பார்த்தது போனில்தான். வேலை முடிந்து அறைக்கு வந்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு கூப்பிடுவேன். என் மனைவி ஸ்டெல்லா போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பாள். ஜெசி சிரிப்பாள். குழந்தைக்கு அப்பாவை நன்றாகத் தெரிகிறது என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எதிர்க்கட்டில் பீகார்க்காரர் சமையல்கட்டில் இன்னொருவரிடம் இந்தியில் சொன்னது காதில் விழுந்தது: "அந்தக் குழந்தை அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுற்றும் விசிறியைப் பார்க்கிறது." அவருக்கு என்மேல் பொறாமை என்று நினைத்தேன். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஊருக்கு வந்து ஜெசியைத் தூக்கியபோது அவள் என் தோளுக்கு மேலே வீட்டு விசிறியைத் தேடினாள்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் தொடங்கியது எல்லாம். ஸ்டெல்லாவின் பிடிவாதத்தில் அங்கே சிறு குழந்தைகளுக்கான பயிற்சி மையத்துக்குப் போனோம். வழியில் ஓர் உணவகத்தில் பொங்கலும் வடையும். மஸ்கட்டில் நம் ஊர்க்காரர் நடத்தும் கடையில் பொங்கலில் மிளகைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்காது, ஏனென்றால் போட்டிருக்கவே மாட்டார்கள். இங்கே தாராளமாகப் போட்டிருந்தார்கள். ஜெசி வெள்ளை நிறத்தில் இருப்பதை மட்டும்தான் தின்பாள். இட்லியை அவள் முன்னால் வைத்தோம். அதன் மேல் சாம்பார் ஒரு சொட்டுத் தெறித்தது. அந்த இட்லி அத்தோடு முடிந்தது. பரிமாறியவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று நினைக்கிறார் என எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க யார் பார்த்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மையத்தில் ஓர் இளம்பெண் தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். இப்போது ஜெசி அவளிடம்தான் பயிற்சிக்குப் போய்வருகிறாள் என்பதால் குறை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று தோன்றியதைத்தானே எழுத வேண்டும். அவளுக்கு மாதத்துக்கு இத்தனை பிள்ளைகள் என்று ஏதோ கட்டாயம் இருக்கும், ஆள் சேர்க்கிறாள் என்று தோன்றியது.

"பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பறாளா சார்?"

"திரும்புவா."

"அப்பா எங்கன்னு கேட்டா காட்டறாளா?"

"காட்டுவா."

"வேணுங்கறத வெரல நீட்டிக் கேக்கறாளா?"

"அதெல்லாம் கேப்பா."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு ஜெசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசி ஒரு பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்து அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "டாக்டருங்க குழு இந்த வாரம் வருது சார். உங்க ஊர்லயே செவ்வாக்கெழம முகாம் இருக்கு. வியாழக்கெழம வெள்ளிமலையில. நீங்க நாளைக்கே வந்துருங்க, கிட்டதான்" என்றாள்.

"நாங்க வெள்ளிமலைக்கே வந்துடறோம்."

"உங்க ஊர்லயே இருக்க, எதுக்கு சார் மலை ஏறணும்?"

நான் ஜெசியின் செருப்பை மாட்டிவிடத் தொடங்கினேன். பதில் இருந்தது. என் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்தால், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமா என்று கேட்பார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் கால் மணி நேரத்தில் எங்கள் ஊரில் எதுவும் பரவிவிடும். வெள்ளிமலையில் எங்களை யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பும் பேருந்தில் ஸ்டெல்லா கேட்டாள். "எப்பங்க அவ திரும்பனா?" நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய் வாங்கும் சாக்கில் முகாம் நடந்த பள்ளிப் பக்கமாக நடந்தேன். வாசலில் வண்டிகள். உள்ளே ஒரு குழந்தையின் அழுகை. எதிரே பெட்டிக்கடையில் இருதயராஜ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு அவருடையது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி வண்டியாக எடை போட்ட பழக்கமோ என்னவோ, தெருவில் யார் போனாலும் நிறுத்தி எங்கே, ஏன், எப்போது திரும்புவீர்கள் என்று விசாரிக்காமல் விட மாட்டார். கையில் தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டு, குடிக்காமல், பள்ளி வாசலையே பார்த்தபடி நின்றார். யார் வீட்டுப் பிள்ளை உள்ளே போகிறது என்று கணக்கு எடுக்கிறார் என்று தெரிந்துபோயிற்று. நல்லவேளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கத்தரிக்காய் வாங்க மறந்து வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மறுபடியும் அவர். தோளில் ஒரு குழந்தை. அதன் தலைமேல் துண்டு போர்த்தியிருந்தது. குளிர் ஒன்றும் இல்லை.

"இன்னா தம்பி, குடும்பத்தோட கெளம்பிட்டீங்க?"

"மேல ஒரு நெலம் இருக்குன்னாங்கண்ணே. பாத்துட்டு வரலாம்னு."

"மலையிலயா?" என்றவர், ஸ்டெல்லா கையில் இருந்த தயிர்ச் சோற்று டப்பாவைப் பார்த்தார்.

"சும்மா பாக்கறதுதான். நீங்க எங்க?"

"வேளாங்கண்ணிக்கு. பேரனுக்கு ஒரு வேண்டுதல்."

மகள் சென்னையில் இருக்கிறாள், பேரனும் அவளோடு இருக்கிறான் என்றுதான் தெருவில் சொல்லியிருந்தார். அது போகட்டும். வேளாங்கண்ணிக்குப் போகிறவர் விருத்தாசலம் பக்கம் போகும் வண்டி நிற்கும் இடத்தில் அல்லவா நிற்க வேண்டும். அவர் நின்றது கச்சிராயபாளையம் வண்டிகளின் பக்கம். நான் ஸ்டெல்லாவை அவசரப்படுத்தி, வந்த முதல் வண்டியில் ஏற்றினேன். கூட்டமாக இருந்தது. அவர் ஏறவில்லை. ஏற நினைத்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு காலைப் பின்னால் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"பின்னாடியே வராரு" என்றேன்.

"மொகத்தப் பாத்தீங்களா? பாவமா இருந்தாரு" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னா பாவம்? அடுத்த வூட்டு வாசலைப் பாக்கலன்னா அவருக்குத் தூக்கம் வராது."

கச்சிராயபாளையத்தில் வண்டி மாறும் இடத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். ஜெசிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச் சோறு. மலைக்கு ஏறும் பேருந்தில் சிமெண்ட் மூட்டை, தகரப் பெட்டி, கோழிக் கூடை எல்லாம் ஏறின. கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஓமனில் மலைக்குப் போகும் சாலையில் காவலர் நிறுத்தி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதானா என்று பார்த்துத்தான் மேலே விடுவார். மலையும் மொட்டைப் பாறையாக, எதையும் ஒளித்து வைக்காமல் நிற்கும். இங்கே வளைவுக்கு வளைவு மரம் மறைக்கிறது. எதிரே என்ன வருகிறது என்று கடைசி நொடி வரை தெரியாது. ஓட்டுநர் ஒலி எழுப்பிக்கொண்டே போனார். நான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜெசி மட்டும் பயணச்சீட்டோடு சந்தோஷமாக இருந்தாள், பத்து இருபது வரை.

வண்டி நின்ற பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நடத்துநர், கீழே போன ஒரு மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு ஆள் அழைத்துவரப் போய்விட்டார். மேலே போன ஒரு காய்கறி வண்டியில் பாதிப் பேர் ஏறிக்கொண்டார்கள். பிறகு ஒரு ஜீப் வந்தது. பின்னால் ஆள்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "பொம்பள ஒருத்தரு மட்டும் உக்காரலாம்" என்றார் ஜீப்காரர்.

"நான் போயி பேர் குடுத்து எடம் புடிச்சி வைக்கறன். நீங்க அடுத்த வண்டியில வந்துருங்க" என்றாள் ஸ்டெல்லா. ஆதார் அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் அவள் பையில். இரண்டு போன்களும் அதே பையில். ஜெசி போனைக் கண்டால் கேட்டு அழுவாள் என்பதால் வெளியே வரும்போது இரண்டையும் துணிக்கு அடியில் வைத்துவிடுவோம். ஜீப் புறப்பட்டதும் அதன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டேன். ஜீப்காரரின் முகத்தையும். யாரென்று தெரியாத ஆளோடு மனைவியை அனுப்பிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. போன்கள் நினைவுக்கு வந்தது அதற்கும் பிறகு.

அடுத்த வளைவில் ஒரு தேநீர்க் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. அங்கே போய் உட்கார்ந்தோம். பால் இல்லை என்று கடைக்கார அம்மா வெல்லம் போட்ட கறுப்புத் தேநீர் கொடுத்தார். நன்றாக இருந்தது. வாசலில் இரண்டு சிறு பிள்ளைகள் பலாக்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தன. வளைகுடாவிலிருந்து வருகிறவன் பாக்கெட்டில் சாக்லேட் இல்லாமல் ஊரில் நடக்க முடியாது. யாராவது கேட்பார்கள், இல்லையென்றால் நாமே கொடுப்போம். கை தானாகப் போய்விட்டது. ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். தங்க நிறக் காகிதம் சுற்றியது.

கடைக்கார அம்மா வெளியே வந்து, பிள்ளைகள் கையிலிருந்து சாக்லேட்டை வாங்கி, கூரை மேல் வீசினார். "உள்ள போங்கடா" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதிகம்தான் சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஜெசி கடைப் பலகையில் இருந்த பிஸ்கட் பாட்டிலின் மூடியை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். பாட்டிலுக்குள் ஈ போய்விடுமே என்று நான் மூடியை வாங்கி வைத்தேன். அவள் கத்தினாள். நான் தூக்கினேன். உதைத்தாள், என் மணிக்கட்டைக் கடித்தாள், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நழுவினாள். விழாமல் இருக்க இறுக்கிப் பிடித்தேன். வெளியிலிருந்து பார்க்க அது எப்படி இருந்திருக்கும் என்பதை இப்போது யோசிக்க முடிகிறது.

பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்த சிவப்புத் துண்டுக்காரர் ஒருவர் வந்து முன்னால் நின்றார்.

"யாரு புள்ளைங்க இது?"

"என் பொண்ணுங்க."

"உங்க பொண்ணு ஏன் உங்க கைல இருக்க மாட்டன்னுது?"

"பஸ்சு நின்னுபோச்சுல்ல. அந்தக் கோவம்."

"பஸ்சு நின்னா எம்புள்ளைங்க எறங்கி வெளையாடுங்க" என்றார் அவர். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. மரங்களுக்குள்ளிருந்து இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள்.

"இவுங்க அம்மா எங்க?" கேட்டது கடைக்கார அம்மா.

"ஜீப்புல மேல போயிருக்காங்க."

"புள்ளைய உட்டுட்டா?"

"முகாம்ல பேர் குடுக்க."

"இன்னா முகாமு?"

என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத மலை. அங்கேயும் வாய் வரவில்லை. "சும்மா, டாக்டர் முகாமுதான்" என்றேன்.

"புள்ளைக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லாத புள்ளைக்கு எதுக்கு டாக்டரு?"

சிவப்புத் துண்டுக்காரர் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், சாக்லேட் கொடுத்துக் கூப்பிடுவார்கள், சட்டை பேண்ட் போட்டு ஒழுங்காகத்தான் இருப்பார்கள் என்று எழுதி, யாரோ ஓர் ஆளின் மங்கலான படம். "சிக்னலு கெடைக்கறப்ப வந்தது. ஊரு பூரா வந்துருக்குது" என்றார். அந்த மங்கல் முகம் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நானாகவும்.

"உன் போன்ல புள்ள போட்டோ இருக்குமே, காட்டு." இப்போது 'ங்க' போய்விட்டது.

"போன் அவங்ககிட்ட இருக்கு. ரெண்டும்."

"பொண்டாட்டியும் இல்ல, போனும் இல்ல. சாக்லெட்டு மட்டும் இருக்குது."

பேருந்து ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள். அவர் துணியில் கையைத் துடைத்தபடி வந்து என்னைப் பார்த்தார். "நான் ரோட்டப் பாத்துக்கினு ஓட்டறவன். பின்னாடி யாரு யாரோட வந்தாங்கன்னு கண்டக்டரத்தான் கேக்கணும்" என்றார். பொய் இல்லை. இருந்தாலும் அவரை அந்த நிமிடம் வெறுத்தேன்.

கடைக்கார அம்மா ஜெசியை என் கையிலிருந்து வாங்க வந்தார். நான் விடவில்லை. யாரோ என் விரல்களைப் பிரித்தார்கள். என் தோளில் ஒரு கை விழுந்தது. அடிக்கிற கை இல்லை. எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்கிற கை. அந்த அம்மா மூடியை ஜெசி கையில் கொடுத்தார். ஜெசி உடனே அடங்கினாள். அவர் மடியில் உட்கார்ந்து, மூடியைப் பலகையில் நிறுத்திச் சுழலவிட்டு, அது சரிந்து விழும் வரை பார்த்தாள். எங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே இருந்தாள்.

"பாத்தியா, இவன் கையவுட்டு வந்ததும் அழுவ நின்னுபோச்சு" என்றார் ஒருவர்.

"பேரு இன்னா?"

"ஜெசி. ஜெசிந்தா."

"கூப்புடு. பாப்போம்."

கூப்பிட்டேன். மூடி சுற்றியது. உரக்கக் கூப்பிட்டேன். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரிலும் கூப்பிட்டேன். ஒரு பறவை மரத்தில் சத்தம் போட்டபோது தலையை நிமிர்த்தினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"பாப்பா, அப்பா எங்க? அப்பாவக் காட்டு" என்றார் கடைக்கார அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. "இந்தா, யாரு இவரு? சொல்லு. அப்பாவா?"

திங்கட்கிழமை தரையில் உட்கார்ந்து கேட்கப்பட்ட அதே கேள்விகள். அன்று அவளுக்காக நான் பதில் சொன்னேன். இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டுவிட்டு, எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"அவளுக்குப் பேச்சு வராது" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. ஒருமுறை சொன்ன பிறகு நிற்கவில்லை. "பேர் சொன்னா திரும்ப மாட்டா. அப்பா எங்கன்னா காட்ட மாட்டா. வெரல நீட்டி ஒன்னும் கேக்க மாட்டா. என்னத் தெரியுமான்னே எனக்குத் தெரியாது. அதுக்குத்தாங்க முகாமுக்குப் போறோம். ஒரு மணிக்கு முடிஞ்சுடும். நான் அடுத்த வாரம் வெளிநாடு போவணும். தயவு பண்ணி உட்டுடுங்க."

சிவப்புத் துண்டுக்காரர்தான் பேசினார். "பேசாத புள்ளையாப் பாத்துத் தூக்கினு வந்துருக்கான். நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாதுல்ல."

ஒருவர் மோட்டார் சைக்கிளில் காவல் நிலையத்துக்குச் சொல்லப் புறப்பட்டார். முகாமில் ஸ்டெல்லா என்று கேட்டுப் பாருங்கள் என்று அவர் பின்னாலேயே கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். ஒரு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினேன். தோளில் இருந்த கை அழுத்தியது.

கடைக்கார அம்மா ஜெசிக்குப் பலாச்சுளை ஒன்றை நீட்டினார்.

"மஞ்சளா இருக்கறத அவ தின்ன மாட்டாம்மா. வெள்ளையா இருக்கறதுதான்" என்றேன்.

அவர் நம்பாமல் சுளையை ஜெசியின் வாயருகே கொண்டுபோனார். ஜெசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் உள்ளே போய், சாமைச் சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தார். ஜெசி வாயைத் திறந்தாள். இன்னொரு வாய். இன்னொரு வாய். அந்த அம்மா முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"பெத்தவனாத்தான் இருப்பான்போல" என்றார் மெதுவாக.

"ரெண்டு நாளு வெச்சிருந்தாலே அது தெரிஞ்சுபோவும்கா" என்றார் சிவப்புத் துண்டுக்காரர்.

மூன்று வாரத்துக்கு முன்பு எனக்கும் அது தெரியாது.

இனி காவலர் வந்துதான் ஆக வேண்டும், அதற்குள் முகாம் முடிந்துவிடும், நான் விமானம் ஏறிவிடுவேன், அடுத்த முறை குழு வருவது எப்போதோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே ஒலி கேட்டது. வளைவுக்கு வளைவு ஏறி வந்தது. எங்கள் பேருந்து பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால், அடுத்த பேருந்து கடைக்கு முன்னால் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து ஆள்கள் இறங்கினார்கள். கடைசியாக, படியில் பக்கவாட்டாகக் காலை வைத்து, இருதயராஜ் அண்ணன் இறங்கினார். தோளில் பேரன். துண்டு நழுவிக் கழுத்தில் கிடந்தது. பையனுக்கு நாலு வயது இருக்கும். கண்ணுக்கு முன்னால் தன் விரல்களை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் யாருடைய கண்ணில் படக் கூடாது என்று மலை ஏறினேனோ அந்தக் கண் என்னைப் பார்த்தது. பெஞ்சில் நான், என் தோளில் ஒரு கை, யார் மடியிலோ ஜெசி. அவர் பேரனின் தலைமேல் துண்டை இழுத்துவிடப் போனார். தெரியாது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

"பெரியவரே, இந்த ஆளத் தெரியுமா உங்களுக்கு? எம்பொண்ணுன்றான், அது கூப்ட்டா திரும்பக்கூட மாட்டன்னுது" என்று கேட்டார் சிவப்புத் துண்டுக்காரர்.

அவர் கை துண்டிலேயே நின்றது. பிறகு அதை முழுவதுமாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க தெருங்க. ஸ்டீபன் பேரு. அது அவரு பொண்ணுதான். அதுக்குப் பேச்சு வரல, அதான் கூப்ட்டா திரும்பல. எங்க பேரனுக்கும் வரல. ரெண்டு பேரும் மேல முகாமுக்குத்தான் போய்க்கினு இருக்கோம்."

தோளில் இருந்த கை விலகியது. கடைக்கார அம்மா ஜெசியின் வாயை முந்தானையால் துடைத்து, மூடியை அவள் கையிலேயே விட்டு, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்புத் துண்டுக்காரர் பேருந்தின் கதவைத் தட்டி, "ரெண்டு புள்ளைங்க ஏறணும், நில்லுங்க" என்றார். நான் எழுந்தேன். இருதயராஜ் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

அவரே பேசினார்.

"வேளாங்கண்ணிக்கு இந்த பஸ்சு போவாதுன்னு ஒனக்குத் தெரியும். நெலம் பாக்கப் போறவன் புள்ளைக்குத் தயிர்ச் சோறு கட்டிக்கினு போவ மாட்டான்னு எனக்குத் தெரியும். ஏறு தம்பி, மணி ஆவுது."